முதல் எட்டு எழுத்து

எங்கள் பள்ளியில் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர் முகத்தைக் காட்டினால் மட்டும் போதாது. கைபேசியில் பள்ளியின் பக்கத்தைத் திறந்து, பிள்ளையின் சேர்க்கை எண்ணையும் பாஸ்வேர்டையும் போட்டால், அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகும் நான்கு இலக்கம் வரும். அதை வாசலில் இருக்கும் வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும். அவர் தன் கைபேசியில் சரிபார்த்த பிறகுதான் பிள்ளை கேட்டைத் தாண்டும். பெற்ற தாயே நின்றாலும் இதுதான் விதி.

எங்கள் பள்ளி என்று நான் உரிமையோடு சொல்வதற்கு மகள் அங்கே நான்காம் வகுப்பு படிப்பது மட்டும் காரணமில்லை. அந்தப் பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் மும்பை மாட்டுங்கா அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை என்னுடையது. பள்ளி செம்பூரில், நாங்கள் குடியிருக்கும் சால் என்ற வரிசைவீட்டுக் குடியிருப்பில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. என் கணவர் வாரம் முழுவதும் புனேயில் வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை வருகிறவர். ஆகவே பள்ளி விடுகிற நேரத்தில் மகளைக் கூட்டிவர எங்கள் வீட்டில் ஆள் கிடையாது.

அதை எங்கள் சந்தின், இங்கே சொல்வதுபோல் கல்லியின், பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். கல்லியில் மொத்தம் ஆறு பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குப் போகிறார்கள். தினம் ஒருத்தி போய் ஆறு பேரையும் கூட்டி வருவாள். நான் காலையில் அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக மகளின் பக்கத்தைத் திறந்து, அன்றைய எண்ணை எதிர்வீட்டுக்காரிக்கு அனுப்பிவிடுவேன். அவள் அதை அன்று போகிறவளிடம் சொல்லிவிடுவாள். மீட்டிங், ரயில் தாமதம் என்று சில நாள் மறந்துவிடுவதும் உண்டு. மாலையில் ஓடிவந்து, "எப்படிக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டால், எதிர்வீட்டுக்காரி தோசைக்கரண்டியை ஆட்டிக்கொண்டே, "வந்துட்டாள்லா? பெறவென்ன?" என்பாள். வாட்ச்மேன் இவர்களைத் தெரிந்தவர், விட்டுவிடுகிறார் போலும் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் கோபம்கூட வரும், விதியை இப்படித் தளர்த்துகிறாரே என்று.

நான் இயல்பிலேயே பயந்தவள். மகள் குளியலறையில் வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூட இருந்தாலும் கதவைத் தட்டுவேன். அந்த நான்கு இலக்க ஏற்பாடு எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அதை ஒரு தொல்லை என்று சொன்னபோது, என் ஒருத்திக்குத்தான் அது நிம்மதியாக இருந்தது.

அந்தப் பக்கத்தின் பின்னால் இருந்தது பழைய டைரக்டரி சர்வர் ஒன்று. யார் யார் உள்ளே வரலாம் என்று தெரிந்து வைத்திருக்கிற இயந்திரம் அது. பெற்றோர், ஆசிரியர், அலுவலகத்தார் என எல்லோருடைய பாஸ்வேர்டும் அதில்தான். ஆனால் தட்டுகிற சொல் அப்படியே அதில் இருக்காது. ஒரு கணக்குப் போட்டு, அடையாளமே தெரியாத எழுத்துக் குவியலாக மாற்றித்தான் வைத்திருக்கும். அதற்கு ஹாஷ் என்று பெயர். அடுத்த முறை நாம் தட்டும்போது அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, குவியல் ஒத்துப்போனால் வழிவிடும். குவியலில் இருந்து சொல்லைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது, என்னாலும்தான்.

ஒரு நாள் சாப்பிடும்போது மகளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்ப எங்க டீச்சரோட பாஸ்வேர்ட் உனக்குத் தெரியாதா மம்மி?"

"தெரியாது."

"பிரின்சிபால் மேமோடது?"

"யாரோடதும் தெரியாது."

"ஃபிர் ஆபீஸ்ல நீ என்னதான் பண்றே?"

அந்தப் பழைய சர்வரை இனி வைத்திருக்க முடியாது என்ற நிலை வந்தது. அதன் மென்பொருளைப் பழுதுபார்க்க ஆள் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும். எங்கள் செயலாளர், பல தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கும் குடும்பத்து மனிதர், ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒருத்தருக்கும் பாஸ்வேர்ட் மாறப்டாதும்மா. பத்துப் பேருக்கு மாறித்துன்னா நூறு பேர் ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பா. பாதிப் பேருக்கு ஃபோன் நம்பரே மாறிடுத்து. மெசேஜ் அனுப்பிச்சாலும் போகாது."

"ஹாஷை அப்படியே எடுத்துட்டுப் போயிடலாம் சார். அவங்களுக்கு மாறினதே தெரியாது."

"அது என்னமோ, எடுத்துண்டு போங்கோ. வழியில கொட்டிடாதேங்கோ."

ஒத்திகை பார்த்தபோது முதல் தடவை யாருக்குமே வழி திறக்கவில்லை. நான் கொடுத்த ஹாஷையே புதிய சர்வர் ஒரு பாஸ்வேர்டு என்று எடுத்துக்கொண்டு, அதை இன்னொரு முறை கணக்கில் போட்டு வைத்திருந்தது. இது ஏற்கெனவே மாற்றப்பட்டது, இருக்கிறபடி வைத்துக்கொள் என்று அதற்குச் சொல்ல ஓர் அமைப்பு உண்டு. அதைத் தேடிப் போட்ட பிறகு எல்லாம் சரியாக வந்தது.

கூடவே, பழைய சர்வரில் இல்லாத இரண்டு காரியங்களைப் புதியதில் செய்தேன். தவறான பாஸ்வேர்டை மூன்று முறை போட்டால் அன்றைக்கு அந்தப் பக்கம் பூட்டிக்கொள்ளும். இது ஒன்று. பழைய முறையில் போட்ட ஹாஷ் பலவீனமானது. ஆகவே ஒருவர் முதல் முறை சரியாக உள்ளே வந்ததும், அவர் தட்டிய சொல்லைக் கொண்டே உறுதியான புதிய ஹாஷ் ஒன்றைச் செய்து பழையதை அழித்துவிடும். இது இரண்டாவது. அவர்கள் அறியாமலேயே ஒவ்வொருவராகப் பாதுகாப்பான முறைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். இதை யோசித்தபோது எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மாற்றி முடித்தேன். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் நானே முதல் ஆளாக மகளின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். திறந்தது. எதிர்வீட்டுக்காரிக்கு எண் போயிற்று. மாலையில் ஆறு பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். பள்ளி முழுவதிலும் ஒரு புகார்கூட இல்லை. செயலாளர் எனக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து, "ஒரு சொட்டும் கொட்டலை போல இருக்கே" என்றார்.

மறுநாள் காலையில் இருந்தே மழை.

அலுவலகத்தை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்பது எங்களுக்குச் செய்தியே அல்ல. ஆனால் அன்று நான் அலுவலகத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறி, மீட்டர் பெட்டி நனைந்துவிடும் என்று கட்டடத்துக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். சர்வர் இருப்பது நவி மும்பையில் வாடகைக்கு எடுத்த இடத்தில், அதற்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அதை எட்ட வழியில்லை. கைபேசியில் இணையம் சுற்றிக்கொண்டே இருந்தது. மகளின் எண்ணை எடுக்க முடியவில்லை. ரயில் நின்றுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பள்ளியைக் கூப்பிட்டேன், லைன் பிஸி. எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன், மணியே அடிக்கவில்லை. பழக்கமான வாட்ச்மேன்தானே, விட்டுவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவரை கோபப்பட்ட அந்தத் தளர்வை அன்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மாடிப்படியில் நின்றால் சிக்னல் கொஞ்சம் கிடைக்கிறது என்று செயலாளர் சொன்னதால் அங்கே போய் நின்றேன். அவரும் குடையை ஊன்றிக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தார். அப்போது எதிர்வீட்டுக்காரியே கூப்பிட்டாள். பின்னால் மழைச் சத்தமும் பெண்களின் கூச்சலும் ஆட்டோ ஹாரனும்.

"எக்கா! ஸ்கூல சீக்கிரம் விட்டுட்டாவ. பிள்ளையள கூப்பிட வந்திருக்கேன். இங்க ஒண்ணும் தொறக்க மாட்டக்கு."

"என் பொண்ணுக்கா? இன்னிக்கு நான் கோட் எடுக்கவே முடியல..."

"உங்க பிள்ளைக்கு மட்டுமில்ல. ஆறு பேருக்கும். என் மவனயே தர மாட்டேங்கான் இந்த வாட்ச்மேன். கோட் கொண்டா, கோட் கொண்டான்னு நிக்கான். என்ட்ட எத்தன சாயா வாங்கிக் குடிச்சிருக்கான் தெரியுமா?"

வாட்ச்மேனின் குரல் கேட்டது. "பாபி, ரூல் ஹை. மேரீ நௌக்ரீ ஜாயேகீ."

"போவட்டும் உன் வேல!" என்று தமிழிலேயே அவருக்குப் பதில் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். "ரோட்டுத் தண்ணி கேட்டுக்கு வந்துட்டுக்கா. ஆளாளுக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போறாவ."

"நீ எந்த பாஸ்வேர்டைப் போட்டே?"

"என் பாஸ்வேர்டுதான்."

"எல்லாப் பிள்ளைக்கும் உன் பாஸ்வேர்டா?"

"எப்பமும் அப்படித்தானக்கா."

நான் கோபப்படுகிறேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பிரின்சிபால் மேடத்துட்ட நாங்க கேட்டோம்லா, ஒருத்தி போனா எல்லாரையும் கூட்டிட்டு வாரது மாதிரி செஞ்சு தாங்கன்னு? பாக்கலாம்னாவ. பெறவு ஒரு நாள் சும்மா போட்டுப் பாத்தோம். பிள்ளை நம்பர மாத்திட்டு என் பாஸ்வேர்டயே போட்டேன். தொறந்திச்சு. அன்னையிலேந்து யாரு போனாலும் அவவ பாஸ்வேர்டுதான். நீங்க கோட் அனுப்பாத அன்னைக்கு உங்க பிள்ளைக்கும் அதான் போடுவோம். நீங்கதானக்கா செஞ்சு குடுத்திய?"

நான் செய்து கொடுத்ததாக அவர்கள் நம்பியிருந்தார்கள். கல்லியில் யார் வீட்டில் மீன் குழம்பு வைத்தாலும் எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் வந்தது எதற்காக என்பதும் அந்த நொடியில் விளங்கியது.

ஒருத்தியின் பாஸ்வேர்டு இன்னொருத்தியின் பிள்ளைக்கு எப்படித் திறக்கும்? பள்ளி எல்லோருக்கும் கொடுத்திருந்த பாஸ்வேர்டு ஒரே அச்சில் இருக்கும். பள்ளியின் சுருக்கப் பெயர் நான்கு எழுத்து, இந்த ஏற்பாடு தொடங்கிய வருடம் நான்கு இலக்கம், அதன் பிறகு அந்தந்தப் பிள்ளையின் சேர்க்கை எண். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை மாற்றவே இல்லை. பழைய சர்வர் ஹாஷ் போட்ட முறையோ மிகப் பழையது. எவ்வளவு நீளமாகத் தட்டினாலும் முதல் எட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கண்டுகொள்ளாது. இதை நான் படிக்கிற காலத்திலேயே படித்திருக்கிறேன். பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் பள்ளியின் முதல் எட்டு எழுத்து எல்லோருக்கும் ஒன்று என்பதை அதனோடு சேர்த்து நினைத்ததே இல்லை. இத்தனை காலமும் அந்தப் பள்ளியில் எந்தப் பெற்றோர் தட்டினாலும் எந்தப் பிள்ளையின் கதவும் திறந்திருக்கும்.

இப்போது ஏன் திறக்கவில்லை என்பதும் உடனே புரிந்தது. முதலில் வருகிறவரைப் புதிய சர்வர் பழைய ஹாஷை வைத்தே சோதித்து உள்ளே விடும், ஆனால் அவர் தட்டிய முழு நீளத்தையும் அந்தப் பிள்ளையின் பாஸ்வேர்டாக எடுத்துக்கொள்ளும்.

"நேத்து கூப்பிடப் போனது யாரு?"

"லாத்தா."

லாத்தா கல்லி முனையில் தையல் பட்டறை வைத்திருப்பவர். கல்லியே அவரை அப்படித்தான், அக்கா என்ற பொருளில், கூப்பிடும். அவருடைய மகளும் அந்த ஆறு பேரில் ஒருத்தி.

"அவங்க எல்லாருக்கும் அவங்க பாஸ்வேர்டைப் போட்டிருப்பாங்க. புது மெஷின் அதையே எல்லாருக்கும் எழுதி வெச்சிடுச்சு. நீ உன் பையனுக்கு லாத்தாவோட பாஸ்வேர்டைப் போடு."

"என் மவனுக்கு லாத்தா பாஸ்வேர்டா? என்னக்கா வெளாடுதியளா?"

"போடு. முன்னாடி எப்பவும் போடுறது. பின்னாடி லாத்தா பொண்ணோட நம்பர்."

"எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு தடவ போட்டுட்டேன். இன்னும் ஒரு வாட்டிதான்னு செவப்புல எழுதியிருக்கு."

அதை எழுத வைத்தவளும் நான்தான். "பார்த்து மெதுவா அடி" என்றேன்.

மழைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு கூவல். "தொறந்துட்டு! எக்கா, தொறந்துட்டு!" அதே பாஸ்வேர்டில் வரிசையாக ஐந்து பிள்ளைகளும் கிடைத்துவிட்டார்கள். வாட்ச்மேனிடம் அவள் எண்களை ஏலம் போடுவதுபோல் உரக்கச் சொல்வது கேட்டது.

"உங்க பிள்ளைக்கு மட்டும் லாத்தா பாஸ்வேர்டு வேண்டாமாக்கா?"

"வேண்டாம்! அடிச்சிடாதே! அவளுக்கு நேத்து நான்தான் முதல்ல போட்டேன். என்னோடது வேற."

நான் பாஸ்வேர்டை மாற்றியிருந்த ஜாக்கிரதைக்காரர்களில் ஒருத்தி. மறக்காமல் இருக்க முன்பாதியை அப்படியே வைத்துவிட்டு, சேர்க்கை எண்ணுக்குப் பதிலாக யாராலும் ஊகிக்க முடியாத நீளத்தில் ஒன்றைச் சேர்த்திருந்தேன். பழைய சர்வர் அந்த நீளத்தை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. புதியதோ ஓர் எழுத்து பிசகினாலும் பூட்டிவிடும்.

அதை வாய்விட்டுச் சொல்வது தவிர வேறு வழி இல்லை. பக்கத்தில் செயலாளர் நின்றிருந்தார். படியில் இன்னும் நாலைந்து பேர். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். பாதி வந்ததும் நிறுத்தினாள்.

"எக்கா, இது 'பத்திரமா வீட்டுக்கு வா'ன்னுல்லா வருது?"

"ஆமா."

"சரிக்கா. சொல்லுங்க." அதற்குப் பிறகு அவள் குரல் மெதுவாகிவிட்டது. கடைசி எழுத்தைச் சொன்னேன். "அடிச்சிட்டேன். இப்ப அந்த நீலத்த அழுத்..."

இணைப்பு அறுந்துவிட்டது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். செயலாளரின் கைபேசியிலும் முயன்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குடையை எடுத்துண்டு போங்கோம்மா. இங்க என்ன இருக்கு?" என்றார். நான் பையைக்கூட எடுக்கவில்லை.

மாட்டுங்காவில் இருந்து செம்பூருக்கு அதற்கு முன் நான் நடந்ததில்லை. சயான் வரை இடுப்புக்குக் கீழே தண்ணீர். சாக்கடை மூடி எங்கே திறந்திருக்கும் என்று தெரியாமல், முன்னால் போன ஒரு குடும்பத்தின் காலடியைப் பார்த்துப் போனேன். சுனாபட்டி பக்கம் வந்ததும் தண்ணீர் குறைந்து சேறாகிவிட்டது. யாரோ ஒரு கடைக்காரர் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நடந்தேன்.

மகள் கேட்டுக்குள் தனியாக நிற்பாள் என்ற நினைப்பு ஒரு பக்கம். அதைவிடக் கொடிய இன்னொன்று மறுபக்கம். எங்கள் பள்ளியில் ஒரு குழந்தை இருக்கிறது, அதன் தகப்பனிடம் அதை ஒப்படைக்கக் கூடாது என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது. அந்தத் தாய்க்காகத் தனியாகப் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்தது நான்தான். முன்பாதியை மாற்றினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்தத் தகப்பனுக்குத் தெரிந்திருந்தால்? தெரிந்திருக்க வேண்டியதில்லை, எதிர்வீட்டுக்காரியைப் போல ஒரு நாள் சும்மா போட்டுப் பார்த்திருந்தால்? நடக்க நடக்க இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் எனக்கு வழிவிட்டார்கள்.

கல்லிக்குள் நுழைந்தபோது எங்கள் வீடும் எதிர்வீடும் பூட்டிக் கிடந்தன. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. லாத்தாவின் பட்டறைக் கதவு திறந்து, எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"எக்கா, இங்கன இருக்கோம்!"

அந்தச் சின்ன அறையில் தையல் மெஷின்களுக்கு நடுவே ஆறு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். நனைந்த சீருடைகள் கயிற்றில் தொங்கின. மாற்று உடைக்கு லாத்தா எங்கே போவார்? தைத்து அடுக்கி வைத்திருந்த ஆர்டரில் இருந்து எடுத்து மாட்டிவிட்டிருந்தார். எல்லாம் பூப்போட்ட கவுன்கள். எதிர்வீட்டுக்காரியின் மகன் ரோஜா நிறக் கவுனில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

"ஆண்ட்டி, யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. அப்புறம் நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்."

என் மகள் அளவு பெரிய கவுனுக்குள் காலை மடக்கிக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"மம்மி, நீ ஏன் சேறு? நடந்தா வந்தே? பாகல்!"

நான் அவளைத் தொட்டுப் பார்த்தேன். தோளை, காதை, ஈரமான பின்னலை. "விடு மம்மி, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். லாத்தா ஒரு துண்டை என் தலையில் போட்டு, "புள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா. மொதல்ல நீ தொவட்டு. நடுங்குறியே" என்றார். எனக்கு உட்காரத்தான் தெரிந்தது. கையில் நைந்து போயிருந்த பிஸ்கட் பாக்கெட்டை எதிர்வீட்டுக்காரி வாங்கி, "இத எனக்குன்னா கொண்டு வந்திய?" என்றாள். அந்த அறையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் தண்ணீர் வடிந்து மின்சாரம் வந்ததும், ஓரமாக நிறுத்தி வைத்திருந்த பழைய சர்வரை இயக்கிப் பார்த்தேன். மகளின் எண்ணைப் போட்டு, முதல் எட்டு எழுத்தோடு வாய்க்கு வந்ததைத் தட்டினேன். திறந்தது. வெறும் எட்டு எழுத்து. திறந்தது. கோர்ட் சொன்ன அந்தக் குழந்தையின் எண்ணைப் போட்டேன். திறக்கவில்லை. அந்த ஒரு பாஸ்வேர்டை மட்டும் என்ன காரணத்தாலோ முழுவதுமாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அது என் சாமர்த்தியம் இல்லை. ஆனாலும் இன்னொரு முறை போட்டு, திறக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன்.

செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றினார்.

"என் பேத்தி ரெண்டாங்கிளாஸ் படிக்கறாளே, அவளையும்...?"

"யார் வேணும்னாலும் சார்."

"எல்லாருக்கும் மாத்துங்கோ. இன்னிக்கே. வாசல்ல நிக்கறவா நிக்கட்டும்."

நின்றார்கள். அவர் பயந்ததைவிட அதிகமாகவே நின்றார்கள். அலுவலக வாசலிலும் பள்ளி வாசலிலும் மேஜை போட்டு, ஒவ்வொரு பெற்றோரின் அடையாளத்தையும் பார்த்து, ஒவ்வொருவருக்கும் முற்றிலும் வேறான பாஸ்வேர்டு கொடுத்தோம். திட்டு வாங்கினேன், இந்தியில், மராத்தியில், தமிழில். அலுப்பாகவே இல்லை. ஒவ்வொரு பழைய ஹாஷ் அழியும்போதும் ஒரு பிள்ளை கேட்டுக்குள் பத்திரமாக நிற்பதுபோல் இருந்தது. இதற்கு முன்னால் யாராவது வேண்டாத ஒருவர் அந்தக் கதவைத் திறந்தாரா என்பதை இனி அறிய வழியில்லை. யார் திறந்தார் என்று எழுதி வைக்கிற வழக்கம் அந்தப் பழைய சர்வருக்குக் கிடையாது. காணாமல் போன பிள்ளை என்று பள்ளியில் ஒன்றுகூட இல்லை, அது மட்டும் தெரியும். இப்போதும் சில நாள் அது நினைவுக்கு வருகிறது. பிறகு அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு சமாதானமாகிறேன்.

கல்லிப் பெண்கள் கேட்டதையும் உண்மையாகவே செய்து கொடுத்தேன். ஒரு பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்று பெற்றோர் யார் யாருக்கு அனுமதி கொடுக்கிறார்களோ, அவர்கள் தங்கள் பாஸ்வேர்டாலேயே அந்தப் பிள்ளையின் எண்ணை எடுக்கலாம். எதிர்வீட்டுக்காரியிடம் விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "இதத்தானே எப்பமும் செஞ்சோம்? இதுக்கா அம்புட்டுப் பேர வெயில்ல நிக்க வச்சிய?" என்றாள். பிறகு, "உங்களையும் எல்லாரும் போட்டிருக்கோம். சனிக்கெழம அரை நாள் ஸ்கூல், உங்களுக்கும் லீவு. அன்னைக்கு உங்க மொறை. தப்பிக்கப் பாக்காதிய" என்றாள்.

சனிக்கிழமை நான் போனேன். கேட்டுக்கு வெளியே நின்று, ஆறு எண்களையும் வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒவ்வொரு பிள்ளையாக வெளியே விட்டார். லாத்தாவின் மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுப் பையன் பையை என் தோளில் மாட்டிவிட்டான். என் மகள் கடைசியாக வந்து, தோழிகள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு ஓர் அடி தள்ளி நடந்தாள். கேட் அருகில் எண்ணினேன். பாவ்பாஜி வண்டி அருகில் எண்ணினேன். சாலையைக் கடக்கும் முன் எண்ணினேன்.

"ஆண்ட்டி, எத்தன தடவ எண்ணினாலும் நாங்க ஆறு பேர்தான்" என்றான் எதிர்வீட்டுப் பையன்.

"பேசாம நட" என்றேன். நாக்கா சந்திப்பைத் தாண்டியதும் மறுபடி எண்ணினேன்.